முதல் தண்ணீர்

— காலை இழுக்காத மாப்ள. கூசினா பல்லைக் கடிச்சுக்கோ. அம்பது வயசாச்சு, தொட்டில் குழந்தை மாதிரி நெளியுற.

— பேச்சை மாத்தாதீங்க மாமா. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. கோயில் பலகையில பட்டியல் ஒட்டியாச்சு. பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில பங்குச்சாமி கால் கழுவிவிடப்போற பன்னிரண்டு பேர்ல பன்னிரண்டாவது ஆளு நீங்க.

— அழிச்சுடு.

— அழிக்க அது என்ன சிலேட்டா? டைப் அடிச்சு, சாமி கையெழுத்துப் போட்டு, பங்குப்பேரவை முத்திரையும் குத்தியிருக்கு. குத்தினது நான். சுருக்கமா சொல்றேன் மாமா, துணியை வெட்டியாச்சு. இனிமே அளவு சரியில்லைன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

— வெட்டுறதுக்கு முன்னாடி, போட்டுக்கப் போறவனை ஒரு வார்த்தை கேக்கணும். நீ என்ன தையல்காரன்?

— கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.

— இப்பவும் அதைத்தான் சொல்றேன். அந்தக் காலை எடு, இந்தக் காலை வை. ஐயோ, என்னப்பா குதிகால் இது! இந்த வெடிப்புக்குள்ள ஊசியை விட்டா உன் கடையில தேடவே வேண்டாம், இங்கதான் இருக்கும்.

— முப்பது வருஷம் மெஷின் மிதிச்ச கால், அப்படித்தான் இருக்கும். சாமி வலது காலை மட்டும்தானே கழுவப்போறாரு? இடது காலை எதுக்கு இந்தத் தேய் தேய்க்கிறீங்க?

— ரெண்டு காலும் ஒண்ணாத்தானே நாற்காலிக்குக் கீழ இருக்கப்போகுது? ஒண்ணு மாப்பிள்ளை மாதிரியும் ஒண்ணு கொத்தனார் மாதிரியும் இருந்தா முன்வரிசைப் பிள்ளைங்க சிரிக்கும். அந்தக் கல்லை எடு. அது இல்ல, சொரசொரன்னு இருக்கே, அது.

— சரி, ஏன் வேண்டாம்கிறீங்க? ஒரு காரணம் சொல்லுங்க, பேரவையில சொல்றேன்.

— நான் நாற்காலியில உட்கார்ந்துட்டா மணியை யார் அடிக்கிறது?

— இதைத்தான் முதல்ல எடுப்பீங்கன்னு தெரியும். இன்னைக்கு வானவர் கீதம் பாடும்போது மணி அடிக்கணும். பாட்டு முடிஞ்சா மணிக்கு லீவு. சனிக்கிழமை வரைக்கும் யாரும் கயித்தைத் தொடக்கூடாது. கால் கழுவுறது பிரசங்கத்துக்கு அப்புறம். நீங்க மணியை அடிச்சுட்டு, இறங்கி வந்து, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, ஆற அமர உட்காரலாம்.

— பூசைமுறையெல்லாம் நல்லாப் படிச்சுட்டு வந்திருக்க.

— பேரவையில சேர்ந்த புதுசுல சொல்லிக்கொடுத்தவரே நீங்கதானே.

— தெரியாத்தனமா சொல்லிக்கொடுத்துட்டேன். சரி, துண்டு? இருபத்திரண்டு வருஷமா இந்த வியாழக்கிழமை நான் நிக்கிற இடம் தூணுக்குப் பக்கத்துல. சாமி கை நீட்டினதும் அந்தக் கையில துண்டு இருக்கணும். ஒரு துண்டு போகும்போதே அடுத்த துண்டு பிரிஞ்சிருக்கணும். அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

— அக்கா செய்யுறா. பன்னிரண்டு துண்டையும் பக்கத்து அறையில தேய்ச்சு மடிக்கிறது அவதானே? மடிச்சவளுக்குப் பிரிக்கத் தெரியாதா?

— மெதுவாப் பேசு. அவ காதுல விழும்.

— விழட்டுமே. அவ காதுல விழக்கூடாததா என்ன பேசிட்டோம்?

— ஒண்ணும் பேசலை. மெதுவாப் பேசுன்னு சொன்னேன், அவ்வளவுதான். காலைத் தூக்கு, தண்ணி ஊத்துறேன். பாத்தியா, என்ன நிறத்துல ஓடுது! உனக்கே வெக்கமா இருக்கணும்.

— எனக்கு முன்னாடி பத்துப் பேரு இங்க உட்கார்ந்து எழுந்திரிச்சுப் போனாங்க. அவங்க தண்ணியெல்லாம் பாலா ஓடுச்சா?

— பெயின்டர் கால்ல மூணு வீட்டுச் சுவரு இருந்துச்சு. பச்சை, நீலம், அப்புறம் என்னமோ ஒரு மஞ்சள். நகக்கண்ணுல இருந்த பச்சையை எடுக்க மண்ணெண்ணெய் கேட்டுச்சு. பஸ் டிரைவருக்கு வலது கால் பெருவிரல் மட்டும் கல்லு மாதிரி. பிரேக்கு. அந்தப் பெரிய இன்ஜினியர் வந்தாரு பாரு, அவரு நேத்தே கடைக்குப் போய் நகத்தை வெட்டி, பாலிஷ் போட்டு, காகிதத்துல சுத்தாத குறையா கொண்டுவந்திருக்காரு. எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. ஆனாலும் கழுவினேன். ஒருத்தரை மட்டும் விட்டா, மத்தவங்கதான் அழுக்குன்னு ஆயிடும்.

— நீங்க பண்றது நல்ல காரியம்தான் மாமா. ஆனா இதனாலதான் இப்ப மாட்டிக்கிட்டீங்க.

— நான் என்ன மாட்டிக்கிட்டேன்?

— போன வருஷம் பூசை முடிஞ்சதும் புது சாமி என்னைக் கூப்பிட்டாரு. அந்தப் பித்தளைத் தாம்பாளத்துல தேங்கியிருந்த தண்ணியைக் காட்டினாரு. “இது பன்னிரண்டு பேரு காலைக் கழுவின தண்ணி. குனிஞ்சா என் முகம் தெரியுது. எல்லாரும் மேகத்து மேலயா நடந்து வந்தாங்க?”ன்னு கேட்டாரு. சாமிகிட்ட பொய் சொல்ல வருமா? இந்தப் பின்பக்கக் குழாயடி அறையைப் பத்திச் சொல்லிட்டேன்.

— அடப்பாவி. ஒரு வருஷமா உன் வயித்துல இருந்திருக்கு, என்கிட்ட சொல்லலை!

— சாமி அப்ப ஒண்ணும் சொல்லலை. “அப்படியா”ன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு. இந்த வருஷம் பட்டியல் போடும்போது சொன்னாரு, “பதினோரு பேரை நீங்க எழுதுங்க, பன்னிரண்டாவது ஆளை நான் எழுதுறேன்”னு.

— அவருக்கு என்ன தெரியும்? வந்து ரெண்டு வருஷம்தானே ஆகுது. அந்தத் தார் போடுறவரை அவர் பாத்ததில்ல.

— நானும் பாத்ததில்ல. நான் அப்ப வேற ஊர்ல கடை வச்சிருந்தேன். அரைகுறையாக் கேள்விப்பட்டதோட சரி.

— முழுசா நான் யாருக்கும் சொன்னதில்ல. நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம். பூசை ஆரம்பிச்சாச்சு, பன்னிரண்டு பேர்ல ஒருத்தர் வரலை. பழைய சாமி என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினாரு. வாசலுக்கு ஓடினேன். நம்ம கோயில் ஆளு ஒருத்தரு, எப்பவும் பின்சுவரை ஒட்டி நின்னு பூசை பாக்கிறவரு, ரோட்டுக்குத் தார் போட்டுட்டு வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தாரு. வேண்டாம் வேண்டாம்னாரு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வச்சேன். உட்கார்ந்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

— அப்புறம்?

— சாமி தண்ணியை ஊத்தினாரு. தார் தண்ணிக்கு அசையுமா? துண்டைப் போட்டுத் துடைச்சாரு. துண்டு அடுப்படித் துணி மாதிரி ஆயிடுச்சு. அவரு நல்ல சாமி. லேசாத் தொட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பாசமாத் திரும்பத் திரும்பத் தேய்ச்சாரு. அதுதான் வினையாப் போச்சு. அவர் தேய்க்கத் தேய்க்க சனமெல்லாம் எட்டிப் பாத்தாங்க. முன்வரிசையில யாரோ கிளுக்குன்னு சிரிச்சாங்க. அந்த மனுஷன் காலை மெதுவா உள்ள இழுத்துக்கிட்டாரு. நற்கருணை வாங்குறதுக்குள்ள நாற்காலி காலியாக் கிடந்துச்சு.

— அப்புறம் வரவே இல்லையா?

— இங்க மட்டும் இல்ல, எந்தக் கோயில் படியும் ஏறலையாம். அவர் சம்சாரம் என்கிட்ட வந்து அழுதாங்க. ஆண்டவரே காலைக் கழுவிவிடுறாருன்னு கூட்டிட்டு வந்து, ஒரு மனுஷனை வெளியில அனுப்பிட்டேன். அடுத்த வருஷம் மத்தியானமே எல்லாரையும் இந்தக் குழாயடிக்கு வரச் சொல்லிட்டேன். முதல் தண்ணி என்னோடது. அழுக்கு, புண்ணு, சேறு எல்லாம் இங்கயே ஓடிப்போயிடும். யாரு கால்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கும் இந்தச் சாக்கடைக்கும்தான் தெரியும். அங்க சாமி ஊத்துறது ரெண்டாவது தண்ணி. அதுல யாருக்கும் வெக்கம் இல்ல.

— இதைச் சொன்னா சாமி இன்னும் உறுதியா உங்க பேரைத்தான் எழுதுவாரு.

— தம்பி, சுடுதண்ணி போதுமா? இன்னொரு பக்கெட்டு கொண்டுவந்திருக்கேன்.

— போதும்க்கா. மாமா என் காலை உரிச்சு எடுத்துட்டாரு. இனிமே புதுத்தோல் வந்தாத்தான் உண்டு.

— என்னங்க, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செய்யக்கூடாதா? மத்தியானத்துல இருந்து குந்தியே இருக்கீங்க.

— குனிஞ்சாத்தான்மா அழுக்குத் தெரியும். நீ போய்த் துண்டைப் பாரு. ஓரத்துல மஞ்சக் கறை இருந்துச்சே, அது போச்சா?

— போச்சு. பக்கெட்டை இங்க வைக்கிறேன். பாத்து எடுங்க, கொதிக்குது. உங்களுக்குச் சூடு தெரியாது.

— சரி சரி, போ. போயிட்டாளா மாப்ள?

— போயாச்சு. என்ன மாமா, பொண்டாட்டியைக் கண்டா வேர்க்குது உங்களுக்கு?

— சுடுதண்ணி ஆவி. துடைச்சுக்கோ, உன் வேலை முடிஞ்சது. வெடிப்புல கொஞ்சம் எண்ணெய் தடவிக்கோ. செருப்பை இங்க போடாத, பாய் மேல நட.

— நான் எழுந்திரிக்கமாட்டேன். நீங்க சரின்னு சொல்றவரைக்கும் இந்த ஸ்டூல் என்னோடது.

— அட, எனக்கு அந்த யோக்கியதை இல்லப்பா. நான் தரை துடைக்கிறவன், ஜன்னல் துடைக்கிறவன், கக்கூஸ் கழுவுறவன். இந்த வேலைக்குள்ள எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கு. ஆண்டவர் வீட்டுல கடைசி ஆளா இருக்கிறதுல என்ன நிம்மதி தெரியுமா? என்னை ஏன் கிளப்பி நடுவுல கொண்டுபோய் உட்கார வைக்கிறீங்க?

— ஒரு கதை சொல்லட்டுமா?

— ஆரம்பிச்சுட்டியா? சுருக்கமா சொல்லு. நாலரை ஆயிடுச்சு.

— சுருக்கமாத்தான். ஒரு வீட்டு வாசல்ல ஒரு கால்மிதி இருந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாரும் அதுல காலைத் துடைச்சாங்க. அதுக்கு ரொம்ப அடக்கம். “நான் யாரு, வெறும் கால்மிதி”ன்னு நாளெல்லாம் சொல்லிக்கிட்டே கிடக்கும். ஒரு நாள் வீட்டுக்காரம்மா வந்து, அதைத் தட்டிக் காயப்போடணும்னு தூக்கினாங்க. கால்மிதிக்கு வந்துச்சு பாருங்க கோவம்! “சுத்தம் பண்றவன் நான். என்னைச் சுத்தம் பண்ண நீ யாரு?”ன்னு தரையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? அந்தம்மா விட்டுட்டாங்க. கொஞ்ச நாள்ல, அதுல காலைத் துடைச்சவங்க எல்லாரும் வந்ததைவிட அழுக்கா உள்ள போனாங்க.

— நல்லாத்தான் இருக்கு. நீயாக் கட்டினதா?

— பட்டன் கட்டும்போது கை சும்மா இருக்காது, மனசும் சும்மா இருக்காது. மாமா, ஆண்டவரே துண்டைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சப்ப ஒரு சீடர் “என் காலை நீங்க கழுவக்கூடாது”ன்னு காலை உள்ள இழுத்துக்கிட்டாரு இல்ல? அவர் சொன்னதையேதான் நீங்களும் சொல்லிக்கிட்டிருக்கீங்க. அடுத்தவங்க காலைப் பிடிக்கிறது உங்களுக்குச் சுலபம். உங்க காலை அடுத்தவங்க கையில கொடுக்கிறதுதான் கஷ்டமா இருக்கு.

— நீ பிரசங்கம் வைக்கலாம். சாமிக்கு ஓய்வு கிடைக்கும்.

— சிரிச்சுத் தப்பிக்காதீங்க.

— சரிப்பா, உனக்காக ஒண்ணு செய்யுறேன். உட்கார்றேன். ஆனா சாமிகிட்ட சொல்லி எனக்கு மட்டும் இடது காலைக் கழுவச் சொல்லு.

— இடது காலா?

— ஏதோ ஒரு கால். கால் கால்தானே?

— பதினோரு பேருக்கும் வலது காலு, உங்களுக்கு மட்டும் எதுக்கு இடது கால்? வலது காலுக்கு என்ன?

— ஒண்ணும் இல்ல.

— ஷூவைக் கழட்டுங்க.

— எதுக்கு?

— நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோயிலுக்குள்ள வெறுங்காலோட நடந்த மனுஷன், அஞ்சு மாசமா கேன்வாஸ் ஷூவோட சுத்துறாரு. கேட்டா தரை சில்லுன்னு இருக்குங்கிறாரு. இந்த வெயில்ல எந்தத் தரை சில்லுன்னு இருக்கு? கழட்டுங்க மாமா. பதினோரு பேரு உங்க முன்னாடி காலை நீட்டினோமே, எங்கள்ல யாராவது எதுக்குன்னு கேட்டோமா?

— கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— அவகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லு.

— சொல்லமாட்டேன்.

— கட்டைப் பிரிக்கிறேன். மூக்கைப் பொத்த வேண்டாம், நாத்தம் எல்லாம் இல்ல. பாரு.

— ஆண்டவரே! மாமா, இது என்ன? பாதத்துல ஒரு ரூபா அளவுக்குக் குழி இருக்கு! எப்ப இருந்து?

— அஞ்சு மாசம் ஆகுது. மணிக்கூண்டுப் படியில ஒரு ஆணி. மிதிச்சது எனக்குத் தெரியலை. நம்பமாட்ட, நான் பாட்டுக்குப் பீடத்துக்கு முன்னாடி துடைச்சுக்கிட்டிருக்கேன். துடைச்ச இடத்துல ரத்தம். மறுபடியும் துடைக்கிறேன், மறுபடியும் ரத்தம். யாரோ பிள்ளைக்கு அடிபட்டிருக்கு, சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டு இருக்குன்னு நினைச்சு, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளயெல்லாம் தேடினேன். கடைசியில திரும்பிப் பாத்தா, நான் நடந்த பக்கமெல்லாம் ஒத்தைக் கால் தடம் சிவப்பா இருக்கு.

— ஆணி குத்தினது எப்படி மாமா தெரியாமப் போகும்?

— அதுதான் கிருபை. வலியே இல்ல. இன்னைக்கு வரைக்கும் துளி வலி கிடையாது. ஆண்டவர் வலியை எடுத்துட்டாருன்னு எண்ணிக்கிட்டேன்.

— அது கிருபை இல்ல மாமா, சர்க்கரை. என் கடைக்குப் பக்கத்துல சலவைக்காரர் இருந்தாரே, இஸ்திரிப்பெட்டி கால்ல விழுந்தது தெரியாம நின்னவரு. அவருக்கு முழங்காலுக்குக் கீழ இப்ப கட்டைதான். டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— காட்டலை.

— ஏன்?

— காட்டினா என்ன சொல்வாங்கன்னு உன் சலவைக்காரர் கதையே சொல்லுதே. படி ஏறாத, தண்ணியில நிக்காத, குந்தாதம்பாங்க. ஏறாம, நிக்காம, குந்தாம இந்தக் கோயில்ல எனக்கு என்ன வேலை இருக்கு? அப்புறம் பேரவை கூடும். நீதான் எழுந்திரிச்சு, ரொம்ப மரியாதையா, “இத்தனை வருஷம் உழைச்சாரு, ஓய்வு கொடுப்போம்”னு சொல்லுவ. மாலை போடுவீங்க. மறுநாள் விடியக்காலை மணி அடிக்கும், நான் படுத்துக்கிட்டே கேக்கணும். என்னால முடியாது மாப்ள. படிக்காதவன் நான். பாடத் தெரியாது, பேசத் தெரியாது. ஆண்டவருக்குன்னு கொடுக்க என்கிட்ட இருக்கிறது இந்தக் கையும் காலும் மட்டும்தான்.

— உண்மையைச் சொல்லட்டுமா?

— சொல்லு.

— ஆமா, ஓய்வு கொடுப்போம். நானே எழுந்திரிச்சுச் சொல்லுவேன். மாலையும் நான்தான் போடுவேன். நீங்க காலோட சும்மா உட்கார்ந்திருக்கிறதைப் பாத்து நான் வருத்தப்பட்டுக்கிறேன். கால் இல்லாம உட்கார்ந்திருக்கிறதைப் பாக்க என்னால முடியாது.

— பாத்தியா? இதுக்குத்தான் அந்த நாற்காலி வேண்டாம்னேன். கட்டைக் கட்டிடுறேன். நீ எதையும் பாக்கலை.

— பாத்துட்டேனே. எப்படிப் பாக்கலைன்னு இருக்கிறது?

— ஆறிக்கிட்டு வருதுப்பா, நிசமா. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. பழைய படுக்கை விரிப்பைக் கிழிச்சுக் கட்டுறேன், அவ்வளவுதான். காலையில பிரிச்சுப் பாப்பேன். சலம் இல்ல, ஒட்டல் இல்ல, துணி புதுசு மாதிரி இருக்கும். முதல் மாசம் அப்படியா இருந்துச்சு? ஒரே நாத்தம். ஷூவைக் கழட்டப் பயமா இருக்கும். அப்புறம் ஒரு நாள் முழங்கால்ல நின்னு அழுதேன். ஆண்டவரே, இந்த வேலையை மட்டும் என்கிட்ட இருந்து எடுத்துடாதீங்கன்னு. அதுல இருந்து நாத்தம் நின்னு போச்சு. நாலு மாசம் ஆச்சு. இது அற்புதம் இல்லாம வேற என்ன?

— குழி அப்படியேதானே இருக்கு.

— சுத்தமா இருக்கு இல்ல?

— சுத்தமா இருக்கு. அதுதான் எனக்குப் புரியலை. நாளெல்லாம் ஈரத்துல நிக்கிற கால்ல இருக்கிற புண்ணு இப்படி இருக்காதே. சரி, அற்புதமாவே இருக்கட்டும். அப்ப அந்த அற்புதத்தை ஆறு மணிக்கு சாமிகிட்ட காட்டுங்க.

— என்னைக் கேலி பண்ணாத. இந்தக் காலை சபை முன்னாடி நீட்டினா, சாமி கட்டைப் பாத்து ஒரு நொடி கையை நிறுத்துவாரு. அந்த ஒரு நொடி போதும். நான் அந்தத் தார்க்காரரைப் பாத்தவன். அவர் முகம் போன போக்கை நான் பக்கத்துல நின்னு பாத்தேன். நானும் எழுந்திரிச்சுப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன். அப்புறம் என் பொண்டாட்டி. சபையோட சபையா அவளும் உட்கார்ந்து, முதல் தடவையா அந்தக் காலைப் பாப்பா. அஞ்சு மாசமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மறைச்சிருக்கான்னு நினைப்பா. நாப்பது வருஷத்துல நான் அவகிட்ட மறைச்சது இது ஒண்ணுதான்.

— பூட்டியிருக்கா? கதவைத் திறங்க.

— போச்சு. அக்கா வந்துட்டா.

— கட்டு, கட்டு! அந்தத் துணி எங்க? மாப்ள, ஷூவைத் தள்ளு இப்படி.

— தாழ்ப்பாள் உடைஞ்ச கதவுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? தள்ளினா திறக்குது. துண்டு பன்னிரண்டும் ஆச்சு. இந்தாங்க.

— நாங்க வந்து… மாப்ளைக்கு வெடிப்புல எண்ணெய்…

— சரி.

— அக்கா, நீ எப்ப இருந்து அங்க நிக்கிற?

— பலகைக் கதவுதானே தம்பி, சுவரா? இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டேன். கால்மிதிக் கதை நல்லா இருந்துச்சு.

— எல்லாத்தையும் கேட்டியா?

— கேட்டேங்க.

— அப்ப நீயே திட்டிடு. ஒரேயடியாத் திட்டிடு, கேட்டுக்கிறேன்.

— திட்டுறதுக்கு நேரம் இல்ல. அஞ்சாகுது. நீங்க இன்னும் வேற சட்டை மாத்தணும்.

— நான் உட்காரலைன்னு இவன்கிட்ட இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன்.

— உட்காருங்க. அந்தப் பன்னிரண்டாவது பேரை எழுதச் சொன்னது நான்.

— நீயா? சாமி தண்ணியைப் பாத்துட்டு எழுதினாருன்னு இவன் சொல்றான்?

— தண்ணியைப் பாத்தது நிசம். யாரை எழுதலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தாரு. நான் போய்ச் சொன்னேன், “அவரை எழுதுங்க சாமி. டாக்டர் கூப்பிட்டா வரமாட்டாரு. நான் கூப்பிட்டாலும் வரமாட்டாரு. பீடத்துல இருந்து கூப்பிட்டா வருவாரு. அங்க நீட்டின காலை அப்புறம் எங்கயும் மறைக்க முடியாது”ன்னு.

— அக்கா! அப்ப உனக்கு…

— நீ இரு மாப்ள. ஏம்மா, சாமிகிட்ட போய் என்னன்னு சொன்ன? உனக்கு என்ன தெரியும் என் காலைப் பத்தி? நீ இதைப் பாத்ததில்ல. உன் கை இதுல பட்டுடக்கூடாதுன்னுதான் இத்தனை நாளா உனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சேன். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் கையைத் தவிர வேற ஒரு கை இந்தப் புண்ணுல படக்கூடாதுன்னு இருந்தேன், இன்னைக்கு வரைக்கும் பட்டதும் இல்ல. சாமிகிட்ட அப்படி என்ன சொன்ன நீ?

— நாலு மாசமா தினமும் நீங்க தூங்கினதும் கட்டைப் பிரிச்சு, ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி கழுவி, மருந்து வச்சு, அதே விரிப்புல இன்னொரு கிழிசலைக் கட்டிட்டுத்தான் நான் படுக்கிறேன்னு சொன்னேங்க. காலுக்கு உணர்ச்சி இல்லாததால நீங்க ஒரு நாளும் அசையலை, மணிக்கயித்துக்குப் போடுற முடிச்சையே கால்லயும் போடுறீங்களே, அதை அப்படியே திரும்பப் போடக் கத்துக்கத்தான் எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.